பத்துக்கு ஒண்ணு

அஞ்சரைக்குத்தான் மேடம் பஸ்சு. அதுவும் மேல எஸ்டேட்டுல ஆளுங்களை ஏத்திக்கிட்டு வரணும், அஞ்சே முக்கால்கூட ஆகும். நீங்க அந்தக் கல்லுல உக்காருங்க, நிழலா இருக்கு. நான் நின்னுக்கறேனுங்க. உக்காந்தா எனக்குப் பேச்சு வராது. இந்தக் கல்லுக்கும் அந்தப் புளியமரத்துக்கும் நடுவுல அப்படியே போயி வந்துக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இன்ஸ்பெக்சன்னு லெட்டரு வந்த நாள்லேர்ந்து இப்படித்தான். வீட்டுல ராஜாமணி, என் சம்சாரம்ங்க, "ஒரு எடத்துல உக்காருய்யா, பாக்கற எனக்கே தலை சுத்துது"ங்கறா.

என்னை அடையாளம் தெரியுதுங்களா? காலையில கழுதைப்புலிக் கூண்டுகிட்ட... ஆமாங்க, சடையப்பன். அம்சாவைப் பாத்துக்கறவன். "அண்ணா, இந்த வாளியைக் கொஞ்சம் நகத்துங்க"ன்னீங்களே. ஆபீசருங்க எங்களை அண்ணான்னு கூப்பிட்டு நான் கேட்டதில்ல. அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத்தான் இப்ப ஓடியாந்தேன்.

நகராட்சி ஜீப்பு வேண்டாம்னுட்டீங்களாமே. எங்க சூப்பர்வைசரு துரைக்கண்ணு சார், காலையில உங்க பின்னாடியே குடை புடிச்சுக்கிட்டு வந்தாரே, அவரு ஆடிப்போயிட்டாரு. ஜீப்புல ஏறாத, எளநி குடிக்காத ஆபீசரை அவரு சர்வீஸ்லயே பாத்ததில்லையாம். "போச்சுடா சடையப்பா, நம்ம கதை முடிஞ்சுது"ன்னு தலையில கை வச்சு உக்காந்துட்டாரு. எனக்கு அதைக் கேட்டு வேற மாதிரி தோணுச்சுங்க. எளநி குடிக்காதவங்க, சொன்னாக் கேப்பாங்கன்னு தோணுச்சு.

சுத்தி வளைக்கலீங்க. உங்க பையில இருக்கற அந்த ஃபாரத்துல, அம்சா கூண்டுக்கு நேரா, பத்துக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. கீழே ரெண்டு வரி எழுதியிருக்கீங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது, நம்பரு தெரியும். துரைக்கண்ணு சார்தான் எட்டிப் பாத்துப் படிச்சுச் சொன்னாரு. இந்தக் கூண்டை மூடணும், மிருகத்தை வேற எடத்துக்கு மாத்தணும்னு எழுதியிருக்காம். அந்த ஒரு மார்க்கும் தண்ணித்தொட்டி சுத்தமா இருந்ததுக்காம்.

ஆனா பென்சில்ல எழுதியிருக்கீங்க. அதை நான் பாத்தேன். பென்சில்லதானுங்களே மேடம்? லாட்ஜுல போயித்தான் பேனாவுல எழுதுவீங்களா? அப்ப இன்னும் நேரமிருக்கு. அதுக்குத்தான் வந்தேன். அவளை எங்கேயும் அனுப்பாதீங்க மேடம். அனுப்புனா செத்துருவா. சும்மா வாய் வார்த்தைக்குச் சொல்லல, என் கண்ணால பாத்ததைச் சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் எழுதுங்க.

போர்டுல மிருகக்காட்சி சாலைன்னு இருக்கும். ஊருக்குள்ள யாரும் அப்படிச் சொல்றதில்ல, பார்க்குன்னுதான் சொல்வாங்க. ஒரு முதலை, ஒரு கூண்டு குரங்கு, கிளிங்க, வாத்து, அப்புறம் அம்சா. வெளியூருக்காரங்க சிங்கமிருக்கும்னு நினைச்சு வருவாங்க. அம்சாவைப் பாத்துட்டு, "அய்ய, இது நாயா கழுதையா, இவ்வளவு அசிங்கமா இருக்குது"ம்பாங்க. எனக்குச் சுருக்குங்கும். எங்கே அசிங்கம்? அந்தப் பிடரியைப் பாத்தீங்கல்ல? அந்த வரி வரியா உடம்பு? அம்சமா இருக்கான்னுதான் அம்சான்னு பேரு வச்சேன். சிரிச்சாங்க எல்லாரும். சிரிச்சுட்டுப் போகட்டும்.

பதினோரு வருசம் ஆச்சுங்க. மலைக்குப் பின்னாடி கல்லுக் குவாரியில வெடி வச்சப்ப தாய் செத்துப்போச்சு. பாறைக்கு அடியில இது ஒண்ணு மட்டும் கெடந்துச்சு, கண்ணுல மண்ணோட. ஃபாரஸ்ட்காரங்க கொண்டாந்து, "ரெண்டு நாளைக்கு வச்சுக்க"ன்னு குடுத்தாங்க. அந்த ரெண்டு நாள்தான் இது. ஆட்டுப்பாலைப் பாட்டில்ல ஊத்தி நான்தான் குடுத்தேன். வீட்டுல வச்சு வளத்தேன். ராஜாமணி மொதல்ல திட்டுனா, அப்புறம் அவளே எனக்கு முன்னாடி பாட்டிலோட நிப்பா. எங்களுக்குக் கொழந்தை இல்லைங்க. அதைச் சொல்றதுல எனக்கு வெக்கமில்ல. "ம்மா, ம்மா"ன்னு நாக்கை மடக்கிக் கூப்பிடுவேன், எங்கே இருந்தாலும் உருண்டு உருண்டு ஓடியாரும். என் நெஞ்சுமேலதான் தூங்கும்.

பெருசானதும் கூண்டுக்கு வந்துருச்சு. முன்னாடி மயிலு இருந்த கூண்டு. பன்னெண்டடி நீளம், பத்தடி அகலம், மேல தகரம், கீழ சிமெண்டுத் தரை. நீங்க டேப்பு வச்சு அளந்தீங்க. அளந்தது சரிதானுங்களே? ஒரு அடி கூடக் கொறைய இருந்தாலும் சொல்லுங்க.

சின்னதுன்னு நினைக்கறீங்க. ஆனா அவ அதுக்குள்ளயே எவ்வளவு நடக்கறான்னு பாத்தீங்கல்ல? ரெண்டு வயசுல ஆரம்பிச்சா. முன்பக்கம் வலது மூலையில இருந்து பின்பக்கம் எடது மூலை. அங்கே போயி தலையை ஒரு வெட்டு வெட்டித் திரும்புவா. மறுபடி இங்கே. மறுபடி அங்கே. காலையில நான் வர்றப்பவும் நடந்துக்கிட்டிருப்பா, சாயங்காலம் போறப்பவும் நடந்துக்கிட்டிருப்பா. பெரிய பெரிய ஊருல எல்லாம் போயிப் பாருங்க மேடம், மிருகம் ஒரு மூலையில சுருண்டு கெடக்கும், காசு குடுத்து வந்தவன் கல்லை விட்டு எறிவான். நம்ம அம்சாகிட்ட அந்தப் பேச்சே கெடையாது. எப்ப வந்தாலும் நடந்து காட்டுவா. பள்ளிக்கூடத்து டீச்சரு ஒருத்தங்க புள்ளைங்ககிட்ட, "பாருங்க, ஒரு மிருகமே இவ்வளவு சுறுசுறுப்பா இருக்குது, நீங்களும் இருக்கீங்களே"ன்னாங்க. எனக்குப் பெருமை தாங்கல. டாக்டருங்க மனுசனையே வாக்கிங் போங்கறாங்க, இவளுக்கு யாரும் சொல்லித் தரவேயில்லையேன்னு நினைச்சுக்குவேன்.

ஏன் மேடம் தரையையே பாக்கறீங்க? ஏதாவது விழுந்துருச்சுங்களா? இல்லையா. சரிங்க.

சுத்தத்துல என்னைக் குறை சொல்ல முடியாது. அவகிட்ட ஒரே ஒரு கெட்ட பழக்கம், பின்பக்கத்தைக் கம்பியில தேய்ச்சு வெள்ளையாப் பசை மாதிரி ஒண்ணைத் தடவி வைப்பா. நாத்தம்னா அப்படி ஒரு நாத்தம். தினம் காலையில பினாயில் ஊத்தித் தேய்ச்சுக் கழுவிருவேன். பளிச்சுன்னு ஆயிடும். மத்தியானத்துக்குள்ள மறுபடி அதே எடத்துல தடவுவா. நானும் விடமாட்டேன், மறுபடி கழுவுவேன். கூண்டுக்கு வந்ததுலேர்ந்து எனக்கும் அவளுக்கும் இதே போட்டிதான். நீங்க காலையில அந்தக் கம்பிகிட்டக் குனிஞ்சு மோந்து பாத்து, "இதை எத்தனை தடவை கழுவுவீங்க அண்ணா"ன்னு கேட்டீங்க. மூணு தடவைன்னு நெஞ்சை நிமித்திச் சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்க. நான் மார்க்குன்னு நினைச்சேன்.

இப்ப அந்தச் சிமெண்டு விசயத்துக்கு வர்றேன். அதைப் பாத்துட்டுத்தான் உங்க முகம் மாறுச்சு. எனக்குத் தெரியும்.

அவ நடந்து நடந்து அந்தத் தரையில ஒரு பள்ளம் விழுந்துருச்சுங்க. ஒரு சாண் அகலத்துக்கு, மூலைக்கு மூலை, ஓடை மாதிரி. கழுவுன தண்ணி அதுல தேங்கும். இன்ஸ்பெக்சன் லெட்டரு வந்ததும் துரைக்கண்ணு சாரு, "தேங்குற தண்ணியைப் பாத்தா மார்க் போயிடும், மொதல்ல அந்தப் பள்ளத்தை அடைச்சு விடு"ன்னாரு. கூண்டுல கெடந்த பழைய மரக்கட்டையை எடுத்தோம், கரையான் புடிச்சிருந்துச்சு. அவ தூங்கற தார் டிரம்மை எடுத்தோம், துருப்புடிச்சு அசிங்கமா இருந்துச்சு. மூலையில கொஞ்சம் மண்ணு கெடந்துச்சு, காலால கிளறிக்கிட்டே இருப்பா, அதையும் அள்ளிப் போட்டோம். கம்பிக்கெல்லாம் பச்சைப் பெயிண்ட் ரெண்டு கோட்டு நானே அடிச்சேன். புதுசாக் கட்டுன வீடு மாதிரி இருந்துச்சு மேடம். குடி போற மாதிரி.

தப்பு எங்கே நடந்துச்சுன்னா அந்தப் பெயிண்டுலதான். அவளை அடைச்சு வைக்க உள்ரூம் ஒண்ணு இருக்குல்ல, அதுக்கு மேல தூக்கற இரும்புக் கதவு. அந்தக் கதவுக்கும் பெயிண்ட் அடிச்சுட்டேன். காஞ்சு கெட்டியா ஒட்டிக்கிச்சு. கடப்பாரை போட்டு நெம்பியும் வரல. சிமெண்டு அன்னைக்கே பூசியாகணும், சாக்கைப் பிரிச்சாச்சு. சரி, நம்ம புள்ளைதானே, ஒரு மூணு மணி நேரம் என் பக்கத்துல உக்கார மாட்டாளான்னு நினைச்சுட்டேன். கூண்டுக்குள்ள போகக்கூடாதுன்னு ரூலு இருக்கு. என்னை அவ ஒண்ணும் செய்ய மாட்டா.

கலவையைப் போட்டு, கரண்டியில நல்லாத் தேச்சு, பள்ளம் இருந்த எடமே தெரியாம வழிச்சு விட்டேன். பள்ளம் போகாத மூலையில பெரிய மாட்டெலும்பு ஒண்ணைப் போட்டு, "வாடி கண்ணு, இங்கே வந்து உக்காரு"ன்னேன். வந்தா. எலும்பை வாயில கவ்வுனா. கவ்விக்கிட்டே நடக்க ஆரம்பிச்சுட்டா மேடம். ஈரச் சிமெண்டு மேல. அந்த மூலையில இருந்து இந்த மூலைக்கு.

கூப்பிட்டேன். அதட்டுனேன். அதட்டுனா எப்பவும் காதை மடக்கி நிக்கறவ, அன்னைக்கு நிக்கல. போயி அவ வழியிலயே குறுக்கே உக்காந்துட்டேன், காலை நீட்டி, சிமெண்டு மேலயே. என்னைச் சுத்திக்கிட்டுப் போவான்னு பாத்தேன். சுத்தலீங்க. என் தொடைமேல ஏறித் தாண்டிப் போனா. திரும்பி வந்தா, மறுபடி தாண்டுனா. என் முகத்தைப் பாக்கவேயில்ல. கல்லு கெடந்தா எப்படித் தாண்டுவோம், அப்படி. என் காக்கி பேண்டு முழுக்க அவ காலடி.

கழுத்தைக் கட்டிப் புடிச்சேன். புடிச்சா நிக்கறா. ஆனா உடம்பெல்லாம் நடுங்குது, உள்ளுக்குள்ள என்னமோ ஓடற மாதிரி. விட்டா நடக்கறா. புடிச்சா நடுங்கறா. கை வலிச்சுப் போற வரைக்கும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் முடியல, விட்டுட்டேன். அன்னைக்கு அங்கேயே உக்காந்து அழுதேன் மேடம். டிரம்மை எடுத்துட்டேன்னு என்மேல கோவம்னு நினைச்சேன். இவ்வளவு கோவமா, பெத்தவன் மாதிரி வளத்தவன் மேலன்னு நினைச்சேன்.

சிமெண்டு அவ காலைத் தின்னுருச்சு. பாதம் வெந்து தோலு உரிஞ்சுபோச்சு. நல்ல தண்ணி ஊத்திக் கழுவித் தேங்காயெண்ணெய் போட்டேன். அந்தப் புண்ணுக் காலோடயும் நடந்தா. ரத்தம் சொட்டச் சொட்ட நடந்தா. தரை அப்படியே காஞ்சுருச்சு, அவ காலடி பதிஞ்சு. ஒரு அடி மேலயே இன்னொரு அடி, ஒரு விரக்கடைகூடத் தள்ளி விழல. துரைக்கண்ணு சாரு பாத்துட்டு, "மறுபடி பூசுனா மறுபடி மிதிக்கும், விடு"ன்னுட்டு, கல்யாண மண்டபத்துல விரிப்பாங்களே, புல்லு மாதிரி பச்சை விரிப்பு, அதைக் கொண்டாந்து என்னை மேல விரிக்கச் சொன்னாரு.

நீங்க வந்து அந்த விரிப்பைத்தான் மொதல்ல தூக்குனீங்க.

கம்பிக்கு வெளிய மண்டி போட்டு உக்காந்து, கையை உள்ள விட்டு, அந்தக் காலடிக்குள்ள உங்க விரலை வச்சுப் பாத்தீங்க. "இது என்ன அண்ணா"ன்னீங்க. நான்தான் முட்டாள், "வாக்கிங் போறதுங்க மேடம், நாள் முழுக்கப் போவா, நிக்கவே நிக்கமாட்டா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். நீங்க கைக்கடியாரத்தைப் பாத்துக்கிட்டே கால் மணி நேரம் அவ முன்னாடி நின்னீங்க. அப்புறம் அந்த ஒண்ணைப் போட்டீங்க.

கால் புண்ணுக்காகத்தான் போட்டீங்கன்னா, அது என் தப்புங்க. என் பேரைப் போட்டு எழுதுங்க. வேலையை விட்டு எடுத்தாலும் வாங்கிக்கறேன். கதவைக் கழட்டி மாட்டுறோம், டிரம்மு என் வீட்டுக்குப் பின்னாடிதான் இருக்கு, இன்னைக்கே கொண்டாந்து வச்சுருவேன். நான் தூக்கிப் போட விடல, மனசு வரல. ஆனா அவளை அனுப்பாதீங்க.

நீங்க சொல்றது புரியுதுங்க. அது பெரிய எடம், மண்ணுத் தரை, புதரு, குழி தோண்டிக்கலாம், மூணு ஏக்கருன்னு சொன்னீங்க. அதான் மேடம் எனக்குப் பயமே. மண்ணுத் தரை அவளுக்கு ஆகாது. அதை நான் பாத்துட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன், என்னென்னமோ பேசிட்டேன். இதைக் கேளுங்க, கேட்டா நீங்களே அந்த வரியை அழிச்சுருவீங்க.

மூணு வருசத்துக்கு முன்னாடி ஐப்பசி மழையில வேப்பமரம் ஒண்ணு சாஞ்சு அவ கூண்டு மேல விழுந்துருச்சு. தகரமெல்லாம் போச்சு. அவ தப்பிச்சது அந்தக் கருப்பசாமி புண்ணியம். அப்ப மான் பட்டி காலியா கெடந்துச்சு, மானுங்களை ஏற்கெனவே வேற ஊருக்குக் கொண்டு போயிட்டாங்க. அரை ஏக்கரு இருக்கும், சுத்தி உசரமா வேலி, உள்ள முள்ளுப் புதரு, கல்லு, மண்ணு. கூண்டைச் சரி பண்ற வரைக்கும் அவளை அங்கே விட்டோம். ஒன்பது நாள்.

மொத நாளு வேலியை ஒட்டிச் சுத்திச் சுத்தி வந்தா. ரெண்டாம் நாளு காலையில போறேன், ஆளைக் காணோம். வேலி தாண்டிட்டாளான்னு தேடுனா, ஒரு முள்ளுப் புதருக்கு அடியில பெரிய குழி தோண்டி வச்சிருக்கா, உள்ள போயிப் படுத்திருக்கா. மூக்கு மட்டும் தெரியுது. "ம்மா, ம்மா"ன்னு கூப்பிட்டேன். காதை ஆட்டுனா. வரல. அப்படி நடந்ததே இல்லைங்க. மத்தியானம் போறேன், படுத்திருக்கா. சாயங்காலம் போறேன், படுத்திருக்கா. நடையே இல்ல! ரெண்டு வயசுல நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து அந்த நாளுங்கதான் அவ நடக்காம இருந்தது. எனக்குச் சோறு இறங்கல. என்னமோ சீக்கு, அம்சா போயிடப்போறான்னு ராஜாமணிகிட்டச் சொல்லி அழுதேன். பார்க்குக்கு வந்த ஜனங்களும் ஒண்ணும் தெரியலேன்னு சத்தம் போட்டாங்க. நான் துரைக்கண்ணு சாரு காலைப் புடிக்காத குறை, சீக்கிரம் கூண்டைச் சரி பண்ணுங்க, புள்ளை செத்துரும்னு. மரத்தை அறுத்து, தகரம் மாட்டி, பத்தாம் நாளு கூண்டு ரெடி.

எப்படிக் கூட்டியாந்தேன் தெரியுங்களா? வலை போடலாம்னாங்க. நான் வேண்டாம்னுட்டேன். தட்டுல ஆட்டுப்பாலு ஊத்தி எடுத்துக்கிட்டுப் போயி, அந்தக் குழிக்கு முன்னாடி மண்ணுல உக்காந்து, சின்னப்புள்ளையில கூப்பிட்ட மாதிரியே நாக்கை மடக்கிக் கூப்பிட்டேன். ரொம்ப நேரம் கூப்பிட்டேன். வந்தா மேடம். குழியை விட்டு வெளிய வந்து, என் கையை மோந்து பாத்து, என் பின்னாடியே வந்தா. கூண்டுக்குள்ள விட்டுக் கதவை இறக்குனேன். ஒரு அஞ்சு நிமிசம் நின்னா. அப்புறம் வலது மூலைக்குப் போயி நடக்க ஆரம்பிச்சுட்டா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. போன உசுரு திரும்பி வந்துச்சு. அன்னைக்கு கருப்பசாமிக்குச் சேவல் விட்டேன்.

இப்பச் சொல்லுங்க. ஒன்பது நாளைக்கே அப்படி ஆனவ, நீங்க சொல்ற மூணு ஏக்கர்ல...

என்ன கேட்டீங்க?

சாப்பாடா? அந்த ஒன்பது நாளுமா? சாப்பிட்டாங்க. சாப்பிட்டா. தினம் போடற மூணு கிலோ கறியும் சாப்பிட்டா. கூண்டுல பாதி மிச்சம் வைப்பா, அங்கே எலும்புகூட மிச்சமில்ல. ஒரு எலும்பைக் கொண்டுபோயிக் குழிக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தா.

வயித்தாலயா? இல்லைங்க. நல்லாத்தான் போயிருந்தா. மூக்குல சளி, கண்ணுல பீளை அதெல்லாம் ஒண்ணுமில்ல. முடி கொட்டுறது நின்னு... ஆமா, பிடரியில புது முடி வந்துச்சு. அதை ராஜாமணிதான் பாத்துச் சொன்னா. நான் கவனிக்கல.

தூங்குனாளான்னா, தூங்கிக்கிட்டேதான் இருந்தா. ஒரு தடவை கனவு கண்டா மேடம். தூக்கத்துல காலை உதறிக்கிட்டு, வாயைச் சப்புக் கொட்டிக்கிட்டு. குட்டியில என் நெஞ்சு மேல படுத்துத் தூங்கறப்ப அப்படிச் செய்வா. கூண்டுல நான் அதைப் பாத்ததே இல்ல.

இல்ல, இருங்க. இருங்க மேடம். நான் சரியாச் சொல்லல. மறுபடி சொல்றேன். அவ வரல. கூப்பிட்டேன், வரல. அதுதான் சீக்கு. என் குரல் கேட்டா வராம இருப்பாளா? அவ எழுந்திரிக்கவே... சாப்பாட்டுக்கு எழுந்திரிச்சா. புல்லுல எல்லாம் அந்த வெள்ளைப் பசையைத் தடவி வச்சிருந்தா. பட்டி பூராவும். அரை ஏக்கருக்கு யாரு பினாயில் ஊத்தறது, விட்டுட்டேன். ஒரு எடத்துல ஒரு தடவைதான் தடவியிருந்தா. மறுபடி மறுபடி தடவல.

நல்லாத்தான் இருந்தா இல்லைங்களா?

சொல்லுங்க மேடம். நீங்க மிருகங்களுக்குப் படிச்ச டாக்டரு. நான் அண்ணன்னா சொல்லுங்க. அந்த ஒன்பது நாளும் அவ நல்லாத்தான் இருந்தாளா?

ஐயோ. அப்ப நான்தானே. வலை போட்டிருந்தா ஓடியிருப்பா, கடிச்சிருப்பா. பால் தட்டை வச்சுக் கூப்பிட்டு, என்னை நம்பி வந்தவளைக் கூட்டியாந்து, கதவை இறக்கி... சேவல் வேற விட்டேன். சாமி, சேவல் வேற விட்டேனே.

அந்த மான் பட்டி இப்ப இல்லைங்க. நானும் அதைத்தான் நினைச்சேன், நீங்க கேக்கறதுக்கு முன்னாடியே. வேலியைப் பிரிச்சுக் கொழந்தைங்க ரயிலு விட்டுட்டாங்க. காலையில கூ கூன்னு சத்தம் வந்துச்சே, அதுதான். இங்கே அவளுக்கு வேற எடமில்ல. நான் யோசிச்சுப் பாத்துட்டேன், எங்க வீட்டுப் பின்னாடி வரைக்கும் யோசிச்சுட்டேன். எடமில்ல.

அந்தா, திருப்பத்துல ஹாரன் அடிக்கறான். உங்க பஸ்சுதான். பையைக் குடுங்க, நான் தூக்கியாரேன்.

மேடம், பேனா இருக்குங்களா? பென்சில் வேண்டாம். லாட்ஜு வரைக்கும் போகவேண்டாம், வழியில பஸ்சுலயே எழுதிருங்க. நாளைக்கு துரைக்கண்ணு சாரு யாரையாவது புடிச்சு மாத்தச் சொல்லுவாரு. நானே நாளைக்குக் காலையில அவ முகத்தைப் பாத்துட்டு மனசு மாறி உங்களுக்குப் போன் போட்டாலும் போடுவேன். எடுக்காதீங்க. பேனாவுல எழுதிருங்க.

பெட்டி கொண்டாந்தாங்கன்னா மயக்க ஊசியெல்லாம் வேண்டாம். நான் கூப்பிட்டா ஏறுவா. அது ஒண்ணு எனக்கு வரும். கால் புண்ணு ஆறட்டும், அது வரைக்கும் டயம் குடுங்க. அந்தத் தார் டிரம்மையும் கூடவே ஏத்தி விடறேன், கழுவாம. அவ வாசம் இருக்கட்டும்.

ஏறுங்க மேடம், ஏறுங்க, அவன் நிக்கமாட்டான். சன்னல்கிட்ட உக்காருங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு, அந்த ஊருல அவளைப் பாத்துக்கப்போற ஆளுகிட்டச் சொல்லிருங்க. அவ குழி தோண்டிக்கிட்டு உள்ள போயிட்டான்னா, வெளிய வான்னு யாரும் கூப்பிட வேண்டாம். ஜனங்க சத்தம் போட்டாலும் கூப்பிட வேண்டாம். ஒரு நாளு நான் தாங்க முடியாம பஸ் ஏறி வந்துருவேன் மேடம், என்னை எனக்குத் தெரியும். கையில பால் தட்டோட வேலிகிட்ட நிப்பேன். என்னை உள்ள விடாதீங்க. கூப்பிட விடாதீங்க மேடம், வந்துருவா.